கடியா, இடியா? பொருநைக் கரைத் தாடைகளின் பலம் தெரியுமா?

ஒரு நிமிடம்! படிப்பதை நிறுத்திவிட்டு இரண்டு கன்னத்திலும் உள்ளங்கையை வையுங்கள். இப்போது கடைவாய்ப் பல்லை நறநறவென்று கடியுங்கள். கைக்கு அடியில் கட்டியாக ஒன்று திரண்டு எழுகிறதா? அப்படியே கையை நெற்றிப்பொட்டுக்கு நகர்த்தி இன்னொரு தரம் கடியுங்கள். அங்கேயும் துடிக்கிறதா?

கன்னத்தில் எழுந்தது மெல்லும் தசை. பொட்டில் துடித்தது, காதுக்கு மேலே மண்டையோட்டில் விரிந்து கிடக்கும் பொட்டுத் தசை. புலி கடிப்பதும் மாடு அசைபோடுவதும் எலி கொறிப்பதும் முக்கியமாக இந்த இரண்டை வைத்துத்தான்! பல்லைப் பார்த்துப் பயப்படுகிறோமே தவிர, பல் வெறும் அரிவாள். ஓங்குகிற கை, தசைதான்!

உங்கள் கடியின் பலம் எவ்வளவு தெரியுமா? கடைவாயில் சராசரியாக 70 கிலோ! போதாதா? 1986-இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ரிச்சர்ட் ஹாஃப்மன் என்பவர் 442 கிலோ அழுத்தத்தில் இரண்டு விநாடி கடித்துக் காட்டி கின்னஸில் ஏறினார்! (வீட்டில் யாரும் முயல வேண்டாம். பல் மருத்துவருக்குத்தான் லாபம்.)

பாக்குவெட்டியைத் தலைகீழாக்கினால்?

இன்னொரு ஆச்சரியம்! எலியின் தசையும் புலியின் தசையும் ஒரே குறுக்களவுக்குக் கிட்டத்தட்ட ஒரே பலம்தான் தெரியுமா? ஒரு சதுர சென்டிமீட்டர் தடிமனுக்குச் சுமார் 2 முதல் 3 கிலோ. அவ்வளவே! அப்படியென்றால் புலிக்கு மட்டும் அந்தப் பலம் எங்கிருந்து வந்தது? தசை தடிமனாக இருக்கிறது. அதைவிட முக்கியம், அது எந்த இடத்தில் ஒட்டியிருக்கிறது என்பது!

பாட்டியின் வெற்றிலைச் செல்லத்தில் கிடக்குமே பாக்குவெட்டி, அதை எடுங்கள். கொட்டைப்பாக்கை நுனியில் வைத்து வெட்ட முடியுமா? வழுக்கி ஓடும்! கீலுக்குப் பக்கத்தில் வைத்தால்? டக்! தாடைக்கும் காதுக்கு முன்னால் ஒரு கீல் இருக்கிறது. அதனால்தான் கீலுக்குக் கிட்டே இருக்கும் கடைவாய்ப் பல்லுக்கு முன்பல்லைவிடப் பலம் பல மடங்கு. தைப்பொங்கல் கரும்பை முன்பல்லால் உரிப்பவர் யாராவது உண்டா? யாரும் சொல்லித்தராமலே கரும்பு பக்கவாட்டுப் பல்லுக்குப் போய்விடுகிறதே!

ஆனால் ஒரு வேடிக்கை பாருங்கள். பாக்குவெட்டியில் கை பிடிப்பது கீலிலிருந்து எட்டத்தில், பாக்கு இருப்பது கிட்டத்தில். தாடையில் எல்லாம் தலைகீழ்! தசை கீலுக்குப் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு இழுக்கிறது, இரையோ எட்டத்தில்! தசை பாடுபட்டு உண்டாக்கும் பலத்தில் ஒரு பங்குதான் பல்லுக்குப் போய்ச் சேரும். நஷ்டக் கணக்கா? இல்லை! தசை துளி சுருங்கினாலே தாடை நுனி சட்டென்று பெரிய தூரம் நகர்ந்துவிடும். வாயும் அகலமாகத் திறக்கும். பலத்தைக் கொடுத்து வேகத்தை வாங்கும் வியாபாரம் இது!

கோவில்பட்டி, கழுகுமலைப் பக்கத்துக் கன்னி நாய்க்கு ஏன் அவ்வளவு நீள முகம்? முயலை ஓட ஓட நுனிவாயில் கவ்வ! குட்டை முகம் வேறு கணக்கு. நுனியும் கீலுக்குக் கிட்டே வந்துவிடுவதால் பிடி இறுகும். நம்மூர் அல்வாவுக்கு இந்தக் கணக்கு எதுவும் தேவையில்லை என்பது தனி விஷயம். தொண்டை இருந்தால் போதும்!

மலை மேலே

சரி, பொருநை என்கிற தாமிரபரணி பிறக்கும் பொதிகைக்குப் போவோமா? களக்காடு–முண்டந்துறை, 1988-இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் ஆனது. பரப்பு 895 சதுர கிலோமீட்டர்! அங்கே உலவும் புலியின் கோரைப்பல் எவ்வளவு நீளம் தெரியுமா? 6, 7 சென்டிமீட்டர்! இன்றைக்கு உயிரோடு இருக்கும் பூனை இனங்களிலேயே அதுதான் நீளம்!

புலியின் மண்டையோட்டை மியூசியத்தில் பார்த்திருக்கிறீர்களா? உச்சியில் நெடுக ஒரு எலும்பு வரப்பு எழுந்து நிற்கும். எதற்கு? நமக்குக் காதுக்கு மேலேயே நின்றுபோகும் பொட்டுத் தசை, புலிக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. இரண்டு பக்கத்துத் தசையும் வந்து ஒட்ட இடம் போதாமல் எலும்பே வளர்ந்து கொடுத்த திண்ணை அது! தலை முழுக்கக் கடிப்பதற்கே!

அவ்வளவு பலம் கொண்ட புலியால் மெல்ல முடியாது, தெரியுமா? ஆமாம்! அதன் தாடைக் கீல் உருளை வடிவம். மேலும் கீழும் மட்டுமே அசையும், பக்கவாட்டில் அரைக்க வராது. வாயில் மொத்தமே 30 பல். நமக்கோ 32! குரல்வளையைப் பிடித்தால் விடாது, கறியை வெட்டும், அப்படியே விழுங்கும்.

உடம்பின் பருமனைக் கழித்துவிட்டு, கடியை மட்டும் போட்டியில் நிறுத்தினால் யார் ஜெயிப்பார்கள்? 2005-இல் ஆஸ்திரேலியாவின் ஸ்டீபன் ரோ குழு அப்படி ஒரு கணக்குப் போட்டது. சராசரி மதிப்பெண் 100. சிறுத்தை 94, சிங்கம் 112, புலி 127! ஆனால் 181 வாங்கி இன்று உயிரோடு இருக்கும் எல்லோரையும் ஓரங்கட்டியது எது தெரியுமா? நாய்க்குட்டி அளவே இருக்கும் டாஸ்மேனியப் பேய்!

செந்நாய்க்கு மற்ற நாய்களைவிடப் பல் குறைவு என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா? வீட்டு நாய்க்கு 42, செந்நாய்க்கு 40! கீழ்த்தாடையின் கடைசிப் பல் இரண்டு பக்கமும் மிஸ்ஸிங்! கறிதான் சாப்பாடு என்றான பிறகு அரைக்கிற பல் எதற்கு?

கரடி கதை இன்னும் ஜோர். நம் மலைக் கரடிக்கு மேல்வரிசையில் நடு முன்பல் இரண்டும் கிடையாது! விழுந்துபோனதல்ல, நிரந்தரப் பல்லாக அவை முளைப்பதே இல்லை. ஏன்? கறையான் புற்றை நகத்தால் பிளக்கும். வாயைக் குவித்து மண்ணை ஊதித் தள்ளும். மூக்குத் துவாரத்தை மூடிக்கொள்ளும். பிறகு அந்தப் பல் சந்து வழியாகக் கறையானை உறிஞ்சும்! உறிஞ்சுகிற சத்தம் 150 மீட்டருக்கு அப்பாலும் கேட்குமாம்! கடிக்கிற வாயை உறிஞ்சு குழலாக மாற்றிய ஒரே கரடி இனம் உலகத்தில் இதுதான்.

குரங்கிடம் இருக்கிறது, நம்மிடம் இல்லை!

களக்காட்டு மலையின் சோலைமந்திக்கு உயிர் எதில் தெரியுமா? வெடிப்பலாவில்! பலாக்காயைப் போல மேலெல்லாம் முள். அதைக் கையில் பிடித்துப் பல்லால் கடித்துப் பிய்த்து உள்ளே இருக்கும் கொட்டையைத் தின்னும். பிடுங்கியதை அங்கேயே மெல்ல நேரமில்லையா? கன்னத்துக்குள் இருக்கும் பையில் அடைத்துக்கொண்டு ஓடிவிடும்! சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஆடி அமாவாசைக்குப் போகிறவர்கள், வாழைப்பழத்தைப் பறிகொடுத்தபின் நாட்டுக் குரங்கின் கழுத்தோரம் புடைத்திருப்பதைக் கவனியுங்கள். உங்கள் பழம் அங்கேதான் இருக்கிறது!

இப்போது அசரவைக்கும் செய்தி! குரங்கின் தாடைத் தசையில் வேலை செய்யும் ஒரு மரபணு மனிதனிடம் பழுதாகிக் கிடக்கிறது தெரியுமா? பெயர் மைஹெச் 16. 2004-இல் பென்சில்வேனியாவில் ஹான்செல் ஸ்டெட்மன் குழு கண்டுபிடித்தது. சோலைமந்தி, கொரில்லா, சிம்பன்ஸி எல்லோரிடமும் அது நன்றாக இருக்கிறது. நமக்கு மட்டும் சுமார் 24 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே கெட்டுப்போனது என்று அவர்கள் கணித்தார்கள். அதற்கும் முன்பே என்று அடுத்த ஆண்டு இன்னொரு கணக்கு வந்தது. எப்போதாக இருந்தாலும் நம் தாடைத் தசை மெலிந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்கிறார்கள். தசை மெலிந்ததால்தான் மண்டையோடு விரிந்து மூளை வளர்ந்தது என்று கூட அந்தக் குழு சொல்லிப் பார்த்தது. அது கொஞ்சம் அதிகப்படி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கேட்க மட்டும் சுவாரஸ்யம்!

மணிக்கு 230 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வாய்!

புலி, கரடி எல்லாம் ஓரமாக நிற்கட்டும். உலகத்திலேயே வேகமாக மூடும் வாய்கள் எறும்புக் கூட்டத்தில் இருக்கின்றன தெரியுமா? பொறித்தாடை எறும்பு! தாடை இரண்டையும் 180 பாகைக்கு விரித்துக் கொக்கி போட்டு நிற்கும். தாடையில் இருக்கும் மெல்லிய முடியில் ஏதாவது பட்டதோ இல்லையோ, சடார்! 2006-இல் ஷீலா பாடெக் குழு அதிவேகக் கேமராவில் அளந்தபோது மூடும் வேகம் மணிக்கு 230 கிலோமீட்டர் வரை போனது! எடுத்துக்கொண்ட நேரம்? ஒரு மில்லி விநாடியில் எட்டில் ஒரு பங்கு! தாடையின் பலம் எறும்பின் எடையைப் போல 300 மடங்குக்கு மேல்!

எந்தத் தசையாலும் அந்த வேகத்தில் சுருங்க முடியாது. பின் எப்படி? தசை முதலில் மெதுவாக இழுத்து இழுத்து விசையைத் தலைக்குள் சேமிக்கிறது, கொக்கி பிடித்து நிறுத்துகிறது, கொக்கி நழுவியதும் சேமித்ததெல்லாம் ஒரே நொடியில்! ஆபத்து வந்தால் தாடையைத் தரையிலோ எதிரியின் மேலோ அடித்துத் தன்னையே தூக்கி எறிந்துகொள்ளும்! கிட்டத்தட்ட 40 சென்டிமீட்டர் வரை தள்ளிப் போய் விழும்! இதே பொறி வைத்த உறவுக்கார எறும்புகள் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் சருகுக்கு அடியிலும் இருக்கின்றன. 2018-இல் தென்கிழக்காசியாவின் டிராகுலா எறும்பு விநாடிக்கு 90 மீட்டர் என்று இந்தச் சாதனையையும் முறியடித்துவிட்டது!

மாமரத்து முசிறு எறும்பு கடித்தால் ஏன் அப்படி எரிகிறது? கடித்த இடத்தில் வயிற்றை வளைத்து அமிலத்தையும் பீய்ச்சிவிடும்! அந்தச் சின்னத் தலைக்குள் பெரும்பகுதி இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது மூளையல்ல, தாடைத் தசை! அதற்கு மேல் ஒன்று: பல எறும்புகளின் பல்நுனியில் துத்தநாகம் கலந்திருக்கிறது. உலோகம் சேர்த்து வார்த்த பல்!

காரையாறு: வாயை மூட ஒன்றரை டன், திறக்க ஒன்றுமில்லை

இறங்கி வந்தால் காரையாறு அணை. சதுப்பு நில முதலைகளின் வீடு! இவர்களைப் பற்றி நிதானமாகத்தான் பேச வேண்டும்.

உலகின் 23 முதலை இனங்களின் கடியையும் அளந்த ஒரு மனிதர் இருக்கிறார் தெரியுமா? ஃப்ளோரிடாவின் கிரெகரி எரிக்சன். 2012-இல் முடிவை வெளியிட்டார். அளக்கும் கருவிக்குத் தோல் சுற்றி, கம்பு நுனியில் கட்டி, திறந்த வாயின் கடைப்பல்லுக்கு நேரே நீட்டுவது! அவ்வளவுதான் ஆராய்ச்சி முறை. (கம்பைப் பிடித்தவருக்குச் சம்பளம் எவ்வளவோ!) உவர்நீர் முதலை ஒன்று கொடுத்த கடி 16,414 நியூட்டன். கிலோவில் சொன்னால் 1,670! உயிரோடு உள்ள ஒரு விலங்கிடம் நேராக அளந்த கடியில் அதுதான் அன்றைய உச்சம்!

நீள மூக்கு, அகல மூக்கு என்று முதலைக்கு எத்தனை வடிவம்! கடியின் பலத்தைத் தீர்மானிப்பது எது என்று நினைக்கிறீர்கள்? மூக்கின் வடிவமே இல்லை, உடம்பின் பருமன்தான்! பெருத்தால் கடியும் பெருக்கும். காரையாற்று முதலைக்கும் அதே விதி.

முதலையின் முகவாய்க்குப் பின்னால், கழுத்து தொடங்கும் இடத்தில், இரண்டு பக்கமும் பந்தாகப் புடைத்திருக்குமே, பார்த்திருக்கிறீர்களா? கொழுப்பு என்றுதானே நினைத்தீர்கள்? அத்தனையும் கடிக்கும் தசை! அண்ணத்து எலும்பிலிருந்து புறப்பட்டு, கீழ்த்தாடைக்கு அடியில் சுற்றிக்கொண்டு வந்து வெளிப்புறம் ஒட்டுகிறது.

இனிமேல்தான் வேடிக்கை! மூட இவ்வளவு பலம் கொண்ட வாயைத் திறக்கும் தசை எவ்வளவு பெரிது தெரியுமா? சோனி! மூடிய வாயை ஒரு கயிற்றாலோ ஒட்டு நாடாவாலோ கட்டிவிட்டால் முதலையால் திறக்க முடியாது. முதலைப் பண்ணைகளில் இடம் மாற்றும்போது அப்படித்தான் கட்டுகிறார்கள். அதற்காக ஆற்றங்கரையில் யாரும் கயிறோடு போய் நிற்காதீர்கள், அண்ணாச்சி! மூடும்வரை யார் காத்திருப்பது?

கடித்தது சரி, மெல்லுமா? மெல்லாது! பல்லெல்லாம் ஆணிபோலக் கூம்பு. குத்திப் பிடிக்கத்தான் ஆகும், வெட்ட ஆகாது. அதனால்தான் இரையைக் கவ்வியபடி தண்ணீரில் உடம்போடு உருண்டு துண்டைத் திருகி எடுக்கிறது. பல் விழுந்தால்? கவலையே இல்லை, வாழ்நாள் முழுக்க முளைத்துக்கொண்டே இருக்கும்!

இவ்வளவு முரட்டு வாயின் தோல், நம் விரல் நுனியைவிட நுட்பமாகத் தொடுகையை உணரும் என்றால் நம்புவீர்களா? தாடை ஓரமெல்லாம் கரும்புள்ளியாய் ஆயிரக்கணக்கான குமிழ்கள். அருகில் தண்ணீர் லேசாக அசைந்தாலும் தெரிந்துவிடும்! டங்கன் லீச், கென் கட்டானியா இருவரும் 2012-இல் சொன்னது இது. அதே வாயால்தான் தாய் முதலை முட்டையை நாக்கில் உருட்டி மெல்ல உடைத்துக் குஞ்சை வெளியே எடுக்கும்! குஞ்சுகளை வாயிலேயே வைத்துத் தண்ணீருக்குத் தூக்கிப் போகும்! நம் சதுப்பு நில முதலையில் அப்பாவும் இந்த வேலையைச் செய்வதுண்டு!

சென்னைக்குத் தெற்கே ரோமுலஸ் விட்டேகர் 1976-இல் தொடங்கிய முதலைப் பண்ணையில் இன்னொரு அதிசயம். இந்த முதலைகள் மூக்கின் மேல் குச்சியை ஏந்திக்கொண்டு அசையாமல் கிடந்தன! எதற்கு? கூடு கட்டக் குச்சி தேடும் நாரை, கொக்கு கிட்டே வந்து குனியட்டும் என்று! 2013-இல் வெளியான கட்டுரை இது. தூண்டில் போடும் முதலை!

பாபநாசத்து மீனுக்குப் பல் எங்கே?

பாபநாசம் படித்துறையில் பொரி போட்டிருக்கிறீர்களா? திமுதிமுவென்று மொய்த்து, உதட்டை நீட்டிக் கவ்வும் மீன்களின் வாயை உற்றுப் பாருங்கள். ஒரு பல் தெரிகிறதா? இல்லை! கெண்டைக் குடும்பத்துக்கு வாயில் பல்லே கிடையாது. பல் இருப்பது தொண்டையில்! செவுளுக்குப் பின்னால் உள்ள வளைவு எலும்பில் பல் முளைத்து, மண்டையோட்டின் அடியில் இருக்கும் கெட்டித் திண்டில் வைத்து அரைக்கிறது. அடுத்த முறை குழம்பில் கெண்டைத் தலை உங்கள் பங்குக்கு வந்தால் தேடிப் பாருங்கள், கிடைக்கும்!

மலையோடைகளில் சின்ன நீர்நாய், கீழே சமவெளி ஆற்றில் பெரிய நீர்நாய். சின்னதற்குப் பிடித்த தீனி நண்டு! குட்டை முகம், அகலமான கடைவாய்ப் பல். ஓட்டோடு நொறுக்கி விழுங்கும். அதன் எச்சத்தில் பெரும்பாலும் உடைந்த நண்டு ஓடுதான்!

வயலும் வீதியும்

பொருநைப் பாசன வயலில் நெல்லைக் கத்தரிக்கும் எலியின் முன்பல் நிற்காமல் வளர்கிறது தெரியுமா? ஆண்டுக்கு 10 சென்டிமீட்டருக்கு மேல்! தேய்க்காவிட்டால் வளைந்து வாயையே அடைத்துவிடும். பல் ஏன் மஞ்சள்? வெளிப்பூச்சில் இரும்பு! கொறிக்கும்போது கீழ்த்தாடை முன்னே நகரும், மெல்லும்போது பின்னே போகும். இரண்டையும் ஒரே சமயத்தில் செய்யவே முடியாது!

முள்ளம்பன்றியின் மண்டையோட்டில் கண்ணுக்கு முன்னால் பெரிய ஓட்டை ஒன்று இருக்கும். அதற்குள் என்ன போகிறது? தாடைத் தசை! ஓட்டைக்குள் நுழைந்து மூக்குப் பக்கம் போய் ஒட்டி, தாடையை முன்னுக்கு இழுக்கிறது. அதன் பலத்தில் மான்கொம்பையும் எலும்பையும் கரகரவென்று கொறித்துச் சுண்ணாம்புச் சத்து சேர்க்கும்!

நெல்லை ஜங்ஷன் ரோட்டில் வழிமறித்துப் படுத்திருக்கும் மாட்டுக்கு மேல்வரிசை முன்பல்லே இல்லை, கவனித்ததுண்டா? வெறும் ஈறுத் திண்டு! ஆனாலும் ஒரு நாளைக்கு 40,000 தடவை வரை தாடையை அசைக்கும்! புலிக்குப் பொட்டுத் தசை பெரிது, மாட்டுக்குக் கன்னத்துத் தசை பெரிது. புலிக்குக் கீல் பல்வரிசை மட்டத்திலேயே இருக்கும். மாட்டுக்கோ நன்றாக மேலே ஏறி இருக்கும். கடைவாய்ப் பல் அத்தனையும் ஒரே நேரத்தில் மோதி அரைக்க!

நெல்லையப்பர் கோயில் யானை காந்திமதியை மறக்க முடியுமா? 2025 ஜனவரியில் பிரிந்துபோனாளே, அவள் வாயில் ஒரு சமயத்தில் வேலை பார்த்த அரைக்கும் பல் பக்கத்துக்கு ஒன்றாக மேலும் கீழும் சேர்த்துப் பெரும்பாலும் நான்குதான்! யானைக்கு வாழ்நாளில் ஆறு தொகுதி அரைக்கும் பல் வரும். நமக்கு மாதிரி கீழிருந்து முளைக்காது. தாடையின் பின்பக்கத்தில் கிளம்பி முன்னோக்கி நகர்ந்து வரும், தேய்ந்தது முன்னால் உதிரும்! தாடையும் பக்கவாட்டில் அரைக்காது, முன்னும் பின்னும்தான்.

கூந்தன்குளத்துக் கூழைக்கடாவுக்குக் கடிபலம் கிட்டத்தட்ட பூஜ்ஜியம். ஆனால் தாடை எலும்பே வில்லாக வளைந்து விரிகிறதே, அதற்கென்ன சொல்வீர்கள்! பை நிறையத் தண்ணீரோடு மீனை அள்ளி, தண்ணீரை வடித்துவிட்டு விழுங்கும். 1994-இல் சரணாலயமான அந்த ஊருக்கு வரும் மஞ்சள் மூக்கு நாரைக்கு அமெரிக்காவில் ஒரு ஒன்றுவிட்ட சகோதரி உண்டு. கலங்கல் நீரில் அலகைத் திறந்துவைத்து நிற்கும். மீன் பட்டதும் மூட எவ்வளவு நேரம்? 25 மில்லி விநாடி! நாம் ஒரு முறை கண் சிமிட்ட இதைப்போலப் பல மடங்கு ஆகும்!

புன்னைக்காயலுக்கு அப்பால்

சுமார் 128 கிலோமீட்டர் ஓடிவந்து ஆறு கடலில் விழுகிறது. கடி நின்றதா? அதெப்படி!

பாறைச் சந்தில் ஒளிந்திருக்கும் அஞ்சாளை மீனுக்கு வாய்க்குள் இன்னொரு வாய் இருக்கிறது தெரியுமா? முன்தாடை இரையைக் கவ்வும். உடனே தொண்டையிலிருந்து இரண்டாவது தாடை பல்லோடு பாய்ந்து வந்து பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போகும்! 2007-இல் ரீட்டா மேத்தா வீடியோவில் பிடித்துக் காட்டும்வரை அது இப்படிப் பாயும் என்று ஒருவருக்கும் தெரியாது!

மன்னார் வளைகுடாவின் தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறையில் கிளிமீன் மேய்கிறது. எதை? பாறையை! ஒரு கிளிமீன் இனத்தை 2017-இல் கலிஃபோர்னியாவில் ஆராய்ந்தபோது 15 வரிசையில் சுமார் 1,000 பல் என்று கணக்கு வந்தது. அந்தப் பல் ஒரு சதுர அங்குலத்துக்கு 530 டன் அழுத்தத்தைத் தாங்குமாம்! கடித்த பவளத்தைத் தொண்டைப் பல்லில் மாவாக அரைத்து, ஒட்டியிருந்த பாசியை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை வெளியே தள்ளிவிடும். பெரிய கிளிமீன் ஒன்றே ஆண்டுக்குச் சில நூறு கிலோ! பவளத் தீவுகளில் வெள்ளை வெளேரென்று மணல் கிடக்கிறதே, செருப்பைக் கழற்றிவிட்டு ஆசையாய் நடப்போமே, அதில் ஒரு பெரும் பங்கு எந்த வழியாக வந்தது என்று இப்போது தெரிகிறதா? சத்தியமாக வாய் வழியாக இல்லை!